அம்மா என்ற ஒரே வார்த்தை

உங்கள் மகளிர் பகுதியின் நீண்ட நாள் வாசகி நான். இதுவரை ஒரு சமையல் குறிப்புகூட எழுதிப் போட்டதில்லை. அன்னையர் தினத்தை ஒட்டி வாசகிகள் தங்கள் தாய் செய்த தியாகத்தைப் பற்றி எழுதியிருந்த கடிதங்களை எல்லாம் விடாமல் படித்தேன். நகையை விற்றுப் படிக்க வைத்த அம்மா, கிட்னி கொடுத்த அம்மா என்று படிக்கப் படிக்க மனசு கனத்துப் போனது. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொண்டிருந்த என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாங்கூடத்தான் உங்களுக்காக ஓடியாந்தேன். ஓடியாந்ததை யாராச்சும் தியாகம்னு சொல்லுவாங்களா புள்ள?" என்றார். அந்தக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

எங்கள் ஊர் நடுவட்டம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற வழியில், பைக்காராவைத் தாண்டி வரும். பஸ்ஸில் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கியிருப்பீர்கள். சுற்றிலும் தேயிலை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் சீனக் கைதிகளைக் கொண்டு வந்து இங்கே சின்கோனா மரம் நட வைத்தானாம். அவர்களை அடைத்து வைத்த ஜெயில் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஆக, கப்பலேறி வந்தவர்கள் இந்த ஊருக்குப் புதிதில்லை. நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள்.

எங்களை இங்கே "சிலோன்காரங்க" என்பார்கள். கோபம் வந்தால் "அகதி" என்பார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பதைப் பலருக்கும் விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. 1983-க்குப் பிறகு உயிருக்குப் பயந்து படகில் வந்து முகாம்களில் தங்கியவர்கள் அகதிகள். நாங்கள் ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள், தாயகம் திரும்பியோர். ஆனால் உயிருக்குப் பயந்துதான் நாங்களும் வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் அம்மா பிறந்தது 1949-ல். அதற்கு முந்தின வருஷம், 1948-ல்தான், இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு சட்டம் போட்டு, மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. ஆக, அம்மா பிறக்கும்போதே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குழந்தை! அவருக்கு 15 வயதாகும்போது, 1964 அக்டோபர் 30-ந் தேதி, நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார்கள். 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக் கொண்டார்கள். கடையில் சாமான் பங்கு பிரிப்பதைப் போல! கொழுந்து கிள்ளுகிற எந்தப் பெண்ணையும் கூப்பிட்டு 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. அம்மாவைப் பெற்ற அம்மாயியும் தாய்மாமாவும் இலங்கைப் பிரஜாவுரிமை பெற்றவர்கள். ஒரே லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இலங்கை, இந்தப் பக்கம் இந்தியா. அம்மாயியை விட்டுப் போக மனசில்லாமல் அம்மா ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டார். 1982-ல் என் தங்கச்சி பிறந்த நாலாம் மாதம் அப்பா நோய்வாய்ப்பட்டுக் காலமாகிவிட்டார். எனக்கு 8 வயது, தம்பிக்கு 5. அம்மாவுக்கு வயது 33. இனிமேல் இந்தியாவாவது ஒண்ணாவது, அம்மாயி நிழலில் இங்கேயே கிடப்போம் என்றுதான் அம்மா நினைத்திருந்தாராம்.

1983 ஜூலை மாதம் வந்தது. 23-ந் தேதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் தாக்கியதில் 13 சிப்பாய்கள் இறந்தார்கள். மறுநாள் கொழும்பில் தொடங்கிய தீ, தமிழர்களின் கடை, வீடு, உயிர் எல்லாவற்றையும் தின்றுகொண்டு மலையேறியது. வெலிக்கடைச் சிறையில் 25-ந் தேதியும் 27-ந் தேதியுமாக 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அந்த 27-ந் தேதிதான் பதுளை டவுன் எரிந்தது.

பதுளைப் பக்கம் ஜூலை மாதம் மழை இருக்காது. காய்ந்த காற்று அடிக்கும். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறும் என்று துரைமார்கள் கொண்டாடுவார்கள். அன்றைக்கும் அந்தக் காற்றுதான். டவுன் பக்கமிருந்து கரும்புகை அப்படியே எங்கள் மலைக்கு வந்ததாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாரோ ஓடி வந்து, "லொறியில ஆள் ஏத்திக்கிட்டுத் தோட்டத்துக்கு வாராங்களாம்" என்றதும் கூடையைப் போட்டுவிட்டு அம்மா பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினார். (தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடத்துக்கு அந்தப் பேர்.) தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மா சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, சிங்களக் கிராமத்துப் பெண்கள் கட்டுவது மாதிரி ஒரு சீத்தைத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டார். அப்பா இறந்தபோதுகூடக் கழட்டாத மூக்குத்தியை, சோப்பு நுரையைத் தடவி, திருகித் திருகி, ரத்தம் வர வரக் கழட்டினார். மூக்குத்தி இருந்தால் தமிழச்சி என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். பொட்டை அழிக்க வேண்டிய வேலை அவருக்கு இல்லை. "தாலியறுத்தவளா இருந்தது அன்னிக்கு ஒரு நாள்தான் புள்ள எனக்கு உதவுச்சு" என்று பிற்பாடு ஒருமுறை சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாயியால் ஓட முடியாது. முழங்கால் வாதம். "என்னையப் பாக்காத, புள்ளைகளக் கொண்டு போ" என்று கதவைச் சாத்திக்கொண்டது. மாமாவும் அத்தையும் மகனைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

தேயிலைக்குள் புகுந்து கிராமத்தை நோக்கி நடந்தோம். அங்கே ஒரு சிங்களப் பாட்டி, தோட்டத்துக்குப் பலாக்காய், கீரை கொண்டு வந்து விற்பவர், அவர் வீட்டுக்கு. போகும்போது அம்மா என்னையும் தம்பியையும் உட்கார வைத்துச் சொன்னார். "வழியில எவன் என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா 'அம்மா'ன்னு மட்டும்தான் சொல்லணும். வேற ஒரு வார்த்தை வந்துச்சோ நாம நாலு பேரும் செத்தோம்."

வாசகிகளுக்கு இது விளங்க வேண்டும். சிங்களத்திலும் அம்மாவுக்கு 'அம்மா' என்றுதான் பேர். கலவரக்காரர்கள் வழியில் போகிறவர்களை மறித்து, வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்பார்களாம். சிங்களத்தில் அது 'பால்திய'. நம் ஆட்கள் வாயில் 'வால்திய' என்று வந்துவிடும். அந்த ஒரு எழுத்தில் உயிர் போனவர்கள் உண்டு. 1958 கலவரத்திலிருந்தே இந்தப் பரீட்சை நடந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, இரண்டு பாஷைக்கும் பொதுவான ஒரு வார்த்தையை அந்த அவசரத்திலும் கண்டுபிடித்திருக்கிறார். எத்தனையோ படித்தவர்களுக்கு இது தோன்றியிருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

பாதையில் ஐந்தாறு பையன்கள், கையில் பொல்லும் கத்தியும். அம்மா கடைத்தெருவில் கற்றுக்கொண்ட சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். ஒருவன் மட்டும் குனிந்து என் தம்பியிடம் கேட்டான். பேர்தான் கேட்டிருப்பான். தம்பி வாயைத் திறக்கப் போன சமயம் அம்மாவின் கை அவன் முதுகுப் பக்கம் போனதை நான் பார்த்தேன். 'அம்மா'வென்று அலறிக்கொண்டு அழுதான். கேட்டவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போலும். போ என்று கையைக் காட்டிவிட்டான்.

அம்மா கிள்ளியிருக்கிறார். கிள்ளிய இடம் கன்றிக் கறுத்து ஒரு மாதம் இருந்தது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளையைக் கை நீட்டினாராம். தம்பிக்கு இப்போது வயது 48. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இந்தக் கதையைச் சொன்னால் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிச் சிரிப்பான். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சிங்களப் பாட்டி எங்களைச் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருந்த இடத்தில் இரண்டு ராத்திரி வைத்துக் காப்பாற்றியது. தங்கச்சி அழும்போதெல்லாம் அம்மா அதன் வாயைப் பொத்துவார். ரொம்ப நேரம் பொத்தினால் மூச்சு நின்றுவிடுமே என்று விரலை விட்டு விட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாள் கிளம்பும்போது மூக்குத்தியை எடுத்து நீட்டினார். பாட்டி அம்மாவின் கையை மூடி முந்தானையிலேயே முடிந்துவிட்டது. அந்த வீட்டில் சாப்பிட்ட மரவள்ளிக் கிழங்கின் ருசி எனக்கு இன்றும் நாக்கில் இருக்கிறது. சிங்களவர் என்றாலே கெட்டவர் என்று யாராவது பேசினால் நான் சண்டைக்குப் போவேன்.

லயம் பாதி எரிந்து கிடந்தது. அம்மாயி உயிரோடு இருந்தது. "கிழவின்னு விட்டுட்டுப் போயிட்டானுக" என்றதாம். அன்று ராத்திரியே அம்மா முடிவெடுத்துவிட்டார். 1977-லும் அடித்தார்கள், 1981-லும் அடித்தார்கள், இப்போதும் அடித்துவிட்டார்கள். அடுத்த தடவை கிள்ளினாலும் தம்பி அழுகிற வயதில் இருக்க மாட்டான்.

பாஸ்போர்ட்டில் தங்கச்சியைச் சேர்க்கவென்று கண்டிக்குப் பல தடவை அலைந்து, 1984 தொடக்கத்தில் பயண நாள் குறித்தாயிற்று. அந்தக் காலத்தில் தலைமன்னாருக்குப் போகும் ரயிலை 'அழுகைக் கோச்சி' என்பார்கள். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுகிற அழுகையில் வந்த பெயர். எங்கள் அம்மாயி மட்டும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. விடியற்காலையிலேயே விறகு பொறுக்கப் போகிறேன் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால் வாதக்காரி, வருஷக்கணக்கில் விறகுக்குப் போகாதவள்! அம்மா வாசலில் நின்று நின்று பார்த்தார். லொறிக்காரன் சத்தம் போட்டான். அம்மாயி சுட்டு வைத்திருந்த மாவு ரொட்டியும் சம்பலும் துணியில் கட்டி அடுப்பு மேட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டோம்.

"வேணும்னேதான் போச்சு. அது வாசல்ல இருந்திருந்தா நான் கெளம்பியிருக்க மாட்டேன். அதுக்குத் தெரியும்." இதை அம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவார்.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி, அம்மாவின் சித்தி இருந்த நடுவட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் அதே 1984-லேயே அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது, இன்று டான்டீ என்பது அதுதான். சித்தி குடும்பம் முதலிலேயே வந்து அதில் சேர்ந்திருந்தது. கடைசியில் வந்த எங்களுக்கு அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது. அம்மா கேரட் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் கூலிக்குப் போனார். பிறகு ஒரு தனியார் தோட்டத்தில் தற்காலிகமாக. ஜூன், ஜூலையில் இங்கே அடிக்கிற மழையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று நாள், நாலு நாள் விடாது. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். காலெல்லாம் அட்டை. அந்தக் குளிருக்கு மூன்று பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கத்தான் மூக்குத்தி கூடலூரில் விலை போனது. அம்மாவுக்கு உரச்சாக்குதான் கொங்காணி.

நான் நல்ல மகளாக இருந்தேன் என்று எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். நான் ரயிலைக் 'கோச்சி' என்பேன், சர்க்கரையைச் 'சீனி' என்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுவேன். ஒருநாள், எனக்கு 15 வயதிருக்கும், "அம்மாயியத் தவிக்க விட்டுட்டு எங்களை இந்தக் குளிர்ல கொண்டாந்து தள்ளிட்டியே" என்று கேட்டுவிட்டேன். அம்மாயி 1987-ல் இறந்து, மாமா போட்ட கடிதம் 40 நாளுக்கு மேல் கழித்துத்தான் எங்களுக்குக் கிடைத்திருந்தது. கருமாதிகூட முடிந்துவிட்டது. அம்மா பதில் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை. அந்த வார்த்தையை நான் இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை.

மாமா குடும்பம் என்ன ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். தமிழர் பகுதிக்குப் போய்விட்டால் பயமில்லை என்று மலையகத்திலிருந்து நிறையப் பேர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். மாமாவும் போனார். பயமில்லை என்று போன இடத்துக்குத்தான் யுத்தம் போனது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது, காட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த மகன், என் வயதுக்காரன், காணாமல் போய்விட்டான். ராணுவத்திடம் ஒப்படைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று அத்தை சொல்கிறார். 2017 பிப்ரவரி 20-ந் தேதி கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் போனவர்களின் அம்மாமார்கள் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டம் வருஷக்கணக்கில் நீண்டது. அந்தக் கூட்டத்தில் அத்தையும் உட்கார்ந்திருந்தார். என் மகள் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். கையில் மகனின் போட்டோ. அம்மா போனை வாங்கி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளும் ஓடித்தான் போனா. நான் இந்தப் பக்கம் ஓடுனேன், அவ அந்தப் பக்கம் ஓடுனா. இதுல எது தியாகம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதும்போதும் இதை என்ன பேர் சொல்லி எழுதுவது என்று குழம்பினேன். என் அம்மா எங்களுக்காகத் தன் அம்மாவை விட்டார். அவருக்காக அம்மாயி ஸ்டேஷனுக்குக்கூட வராமல் இருந்துகொண்டது. அத்தை எதையும் விடவில்லை, அவரிடமிருந்து பறித்துக்கொண்டார்கள். நான் அறிந்தது இவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. ஒரு தகரப்பெட்டி வைத்திருக்கிறார். அதில் பழைய பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, இரண்டு சேலை, ஒரு டார்ச் லைட்டு. அதை யாரும் நகர்த்தக் கூடாது, கதவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முன்பெல்லாம் நான் சத்தம் போடுவேன். இப்போது கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டிவிட்டு வந்துவிடுகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஜூலை மழையைத் திட்டாத நாள் கிடையாது. அம்மா மட்டும் திட்ட மாட்டார். தகரத்தில் மழை கொட்டுகிற ராத்திரியில்தான் நிம்மதியாகத் தூங்குவார். "இந்த ஈரத்துல எவனாலும் தீ வெக்க முடியாது புள்ள" என்பார். மழை விட்டு இரண்டு நாள் வெயிலடித்துக் காற்று காய்ந்துவிட்டால் தூக்கம் போய்விடும். எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது தம்பி போன் பண்ணினான். "அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு நடை போயிட்டு வரலாம்க்கா. அத்தையைப் பார்க்கட்டும். பதுளைக்கும் போகலாம்" என்றான். அம்மா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். அங்கே யார் இருக்கிறார்கள், கால் வலி, குளிருக்குப் பழகிய உடம்பு வெயில் தாங்காது என்று ஏகப்பட்ட சாக்கு. நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நேற்று கேட்டார், "என்னத்த புள்ள எழுதுற?" வாசித்துக் காட்டினேன். கிள்ளிய இடம் வந்தபோது வழக்கம்போல எழுந்து போகவில்லை. விறகுக்குப் போன இடத்தில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வெறகுக்கட்ட அது வீட்டுக்குக் கொண்டாந்துச்சான்னு உங்க மாமன்கிட்ட ஒரு காகிதம் போட்டுக் கேக்கணும்னு இருந்தேன். கேக்கவே இல்ல" என்றார். மாமாவும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

அத்தைக்குத் தெரிந்திருக்கும். கப்பலில் ஒரு ஆளுக்கு எவ்வளவு டிக்கெட் என்று தம்பியைக் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

— ஒரு வாசகி, நடுவட்டம், நீலகிரி.